நெஞ்சிலிருந்து வர வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். சளிப் பரிசோதனை செய்யும் லேப்பில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். காசநோய்ப் பரிசோதனை பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். என் கைக்குத் தினமும் வந்து சேரும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் டப்பாவிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு நாள் ஓர் அம்மா அந்த டப்பாவை நீட்டினார். மூடியைத் திறக்காமலே தெரிந்தது. அடியில் தண்ணீர் மாதிரி தெளிவாக ஏதோ கொஞ்சம், மேலே வெள்ளை நுரை. அது எச்சில். "அம்மா, இது வாயிலிருந்து வந்தது. நெஞ்சிலிருந்து வர வேண்டும்" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "நாலு பேர் பார்க்கிற இடத்தில் எப்படித் தம்பி காறித் துப்புவேன்?" என்று மெல்லிய குரலில் கேட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. டப்பாவைக் கையில் கொடுத்து, சளி எடுத்து வாருங்கள் என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டோம். எப்படி எடுப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. தவறு எங்களுடையது.

நுரையீரல் காசநோயில் கிருமி இருப்பது நெஞ்சுக்குள். ஒரு மில்லிலிட்டர் சளியில் சுமார் 5,000 முதல் 10,000 கிருமிகள் இருந்தால்தான் மைக்ராஸ்கோப்பில் கண்ணில் படும். வெறும் எச்சிலைத் தடவிப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. 'கிருமி இல்லை' என்று ரிசல்ட் போய்விடும். அவரும் நிம்மதியாக வீட்டுக்குப் போவார், இருமிக்கொண்டே. எனக்குப் பெரிய கவலை இதுதான்.

சரி, எப்படி எடுப்பது? காலையில் எழுந்ததும் எடுப்பது நல்லது. ராத்திரி முழுக்கச் சேர்ந்த சளி அப்போது இருக்கும். வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளியுங்கள். பக்கத்தில் ஆள் இல்லாத, காற்றோட்டமான திறந்தவெளிக்குப் போங்கள். மூச்சை ஆழமாக இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, மெதுவாக விடுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்துவிட்டு, அடிவயிற்றிலிருந்து பலமாக இருமுங்கள். கெட்டியாக, மஞ்சளாகவோ பச்சையாகவோ வந்தால் அதுதான் எங்களுக்கு வேண்டியது. 3 முதல் 5 மில்லிலிட்டர் போதும், ஒரு டீஸ்பூன் அளவுதான். மூடியை இறுக்கி மூடி அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.

யாருக்கு இந்தப் பரிசோதனை? இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நிற்காமல் இருந்தால் போங்கள். சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, காரணமில்லாமல் எடை குறைவது, சளியில் ரத்தம் இவற்றில் ஏதாவது இருந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். இருமலுக்கு ஏற்கெனவே என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சில ஆன்டிபயாட்டிக்குகள் காசநோயைத் தற்காலிகமாக அடக்கி, கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போட்டுவிடும்.

1882 மார்ச் 24 அன்று ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் காக் இந்தக் காசநோய்க் கிருமியை உலகுக்கு அறிவித்தார். அதன் பிறகு நூறு வருடங்களுக்கும் மேலாக மைக்ராஸ்கோப்தான் எங்களுக்குப் பெரும் துணை. 2010இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த, சளியில் கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை வந்ததும் நிலைமை மாறியது. கிருமி குறைவாக இருந்தாலும் அது பிடித்துவிடும். இரண்டு மணி நேரத்தில் ரிசல்ட். ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான மருந்து கேட்குமா கேட்காதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்குத்தான் வாரக்கணக்கில் ஆகும். இந்தக் கிருமி ஒருமுறை இரண்டாகப் பிரியவே கிட்டத்தட்ட ஒரு நாள் எடுத்துக்கொள்ளும்.

எக்ஸ்ரேயும் எடுப்பார்கள். நிழல் தெரிந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால் அந்த நிழல் காசநோய்தான் என்று எக்ஸ்ரே மட்டும் சொல்லிவிடாது. கையில் ஊசி போட்டு 48 முதல் 72 மணி நேரத்துக்குள் தடிப்பை அளக்கும் பரிசோதனையும் உண்டு. அளக்க வேண்டியது தடிப்பை, சிவப்பை அல்ல. உடம்பில் கிருமி எப்போதோ நுழைந்திருக்கலாம் என்பதைத்தான் அது காட்டும். கிருமி நுழைந்தவர்கள் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான் வாழ்நாளில் என்றாவது வரும்.

சளியில் கிருமி இல்லை என்று வந்தும் காய்ச்சலும் எடைக் குறைவும் தொடர்ந்தால் திரும்பப் போய்க் கேளுங்கள். கழுத்தில் நெறி கட்டும் இடத்தில், முதுகெலும்பில், வயிற்றில்கூட காசநோய் வரும். அங்கே இருப்பது சளியில் தெரியாமல் போகலாம்.

அந்த அம்மா மறுநாள் காலை வந்தார். டப்பாவில் மஞ்சளாகக் கெட்டிச் சளி. கிருமி இருந்தது. அந்த வாரமே மருந்து தொடங்கினார்கள், மொத்தம் 6 மாதம். இரண்டு மாதம் முடிந்ததும் மறு பரிசோதனைக்கு வந்தார். முகத்தில் சதை பிடித்திருந்தது. வெளியே போய் வெகுநேரம் முயன்றுவிட்டு டப்பாவோடு திரும்பினார். "எவ்வளவு இருமினாலும் சளியே வரமாட்டேன் என்கிறதே தம்பி" என்றார். அன்றைக்கு அந்த எச்சிலை நான் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.