திருடர் தெருவின் மலிவுக் காவலர்கள்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்கக் கால்பந்தில் ஓர் அணி மலிவு விலைக்குச் சேர்த்த தடுப்புக் காவலர்களைப் பற்றி இன்று பேசுகிறேன்.

2013 செப்டம்பர் 15. அமெரிக்காவின் பஃபலோ நகரம். விருந்தாளியாக வந்திருக்கும் கரோலினா பேந்தர்ஸ் அணி 23-17 என்று முன்னிலையில் இருக்கிறது. ஆட்டம் முடிய இன்னும் சில விநாடிகள்தான். பஃபலோ பில்ஸ் அணியின் ஸ்டீவி ஜான்சன் எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடி நிற்கிறார். அவர் பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. பந்து வருகிறது, மார்போடு அணைத்துக்கொள்கிறார். கடிகாரத்தில் மிச்சம் இருந்தது 2 விநாடி. பஃபலோ 24, கரோலினா 23.

அந்த ஜான்சனைக் கரோலினாவின் காவலர்களில் யார் தடுத்திருக்க வேண்டும்? நீ பார்த்துக்கொள்வாய் என்று நான் இருந்தேன், நான் பார்த்துக்கொள்வேன் என்று நீ இருந்தாய். கூட்டுக் குடும்பத்தில் பால் பொங்கி வழிவதும் இப்படித்தான்.

அப்போது நான் வேலை நிமித்தமாக, பேந்தர்ஸ் அணியின் சொந்த ஊரான சார்லட் நகரில் குடியிருந்தேன். மறுநாள் காலை அலுவலகத்தில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. துக்க வீடு போலிருந்தது. அந்த ஊமைத்தனம்தான் என்னை இந்த விளையாட்டின் பக்கம் இழுத்தது. இத்தனை பேரை ஒரே நாளில் வாயடைக்க வைக்கிற விஷயத்தைத் தெரிந்துகொள்ளாமல் அந்த ஊரில் வாழ்வது எப்படி?

அமெரிக்கக் கால்பந்து என்ற பெயரை நம்பிவிடாதீர்கள். காலுக்கு அதில் வேலை குறைவு. இரண்டு பக்கமும் பதினொரு பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் 10 கஜம் முன்னேற வேண்டும். குவார்ட்டர்பேக் என்பவர் பந்தை வீசுவார், ரிசீவர்கள் ஓடிப்போய்ப் பிடிப்பார்கள். அவர்களைப் பிடிக்கவிடாமல் தடுப்பவர்கள்தான் எதிரணியின் பின்வரிசைக் காவலர்கள். ஓரங்களில் நிற்பவர் கார்னர்பேக், ஆழத்தில் நிற்பவர் சேஃப்டி. கபடி பார்க்கிறவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. நம் தடுப்பாளர்களையும் கார்னர், கவர் என்றுதானே அழைக்கிறோம்? அங்கும் இங்கும் ஒரே துன்பம்: ஒருவர் கால் வைக்கும்போது மற்றவரும் கால் வைக்காவிட்டால் ரெய்டர் கோட்டைத் தொட்டுவிடுவார்.

இப்போது பணக்கணக்குக்கு வருகிறேன். தேசியக் கால்பந்துக் கூட்டமைப்பில் ஓர் அணி நினைத்த அளவுக்குச் சம்பளம் கொட்ட முடியாது. எல்லா அணிகளுக்கும் ஒரே உச்சவரம்பு. 2013இல் அது 12.3 கோடி டாலர். அந்த ஆண்டு ஜனவரியில் பேந்தர்ஸின் பொதுமேலாளராக வந்த டேவ் கெட்டில்மனுக்குக் கிடைத்தது காலிப் பெட்டி. முந்தைய நிர்வாகம் நீண்ட ஒப்பந்தங்களாகப் போட்டு வைத்திருந்தது. அவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று, அணியின் வரலாற்றிலேயே அதிகமாக 27 பந்துகளை இடைமறித்துப் பிடித்திருந்த கார்னர்பேக் கிறிஸ் கேம்பிளை விடுவித்தது. ஊர் முணுமுணுத்தது. அவர் கணக்கைப் பார்த்தார்.

பிறகு கடைத்தெருவில் இறங்கினார். ஒப்பந்தம் முடிந்து, எந்த அணிக்கும் போகலாம் என்ற நிலையில் இருப்பவர்களை அங்கே ஃப்ரீ ஏஜென்ட் என்பார்கள். மார்ச் மாதம் சந்தை திறந்ததும் பெரிய தொகைகள் பறக்கும். சந்தை கலையும் நேரத்தில் கூடையில் கிடப்பவர்கள் வேறு ரகம்: முப்பதைத் தாண்டியவர்கள், முழங்கால் கட்டுப் போட்டவர்கள், போன அணியில் பெயர் கெட்டுப்போனவர்கள். கெட்டில்மன் அங்கேதான் குனிந்து பொறுக்கினார். இதற்கு ஒரு விதியும் துணை நின்றது. பல ஆண்டு ஆடிய ஒருவர் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஓராண்டு ஒப்பந்தத்தில் வந்தால், கைக்குப் போவது 9,40,000 டாலராக இருந்தாலும் உச்சவரம்புக் கணக்கில் 5,55,000 என்றுதான் எழுதப்படும். 2013ஆம் ஆண்டின் விலை அது. அனுபவசாலிகளை அணிகள் ஓரங்கட்டிவிடக் கூடாது என்று போட்ட விதி. சிக்கனக்காரருக்குத் தள்ளுபடிச் சீட்டாகிவிட்டது.

அந்தக் கூடையிலிருந்து வந்தவர்களில் மைக் மிட்செல் ஒருவர். ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணி 2009இல் டிராஃப்ட் எனப்படும் புதுமுகத் தேர்வின் இரண்டாம் சுற்றிலேயே அவரைத் தேர்ந்தெடுத்தபோது, யார் இந்த ஆள் என்று நாடே சிரித்தது. டிரேட்டன் ஃப்ளாரன்ஸ், குயின்டின் மைக்கேல் இருவரும் பத்தாண்டு தேய்ந்தவர்கள். டிராஃப்டில் எவருமே தொடாத மெல்வின் ஒயிட், ராபர்ட் லெஸ்டர் என்ற இரண்டு பையன்கள். ஏற்கெனவே இருந்தவர் கேப்டன் மன்னர்லின். அவர் அணித்தலைவரா என்று கேட்காதீர்கள். பெற்றோர் வைத்த பெயரே கேப்டன். இவர்களை வைத்துத்தான் அந்த பஃபலோ ஆட்டம். ஆட்டத்தின் நடுவே அனுபவமுள்ள சேஃப்டியான சார்லஸ் காட்ஃப்ரேவுக்குக் குதிகால் தசைநாரும் அறுந்தது.

முதல் நான்கு ஆட்டங்களில் மூன்று தோல்வி. மலிவு விலைக்கு மலிவுச் சரக்குதான் கிடைக்கும் என்று சார்லட்டில் பேசாத வாய் இல்லை. அடுத்த பன்னிரண்டு ஆட்டங்களில் பதினொன்றை வென்றார்கள். பருவம் முழுவதும் எதிரணிகளுக்கு அவர்கள் விட்டுக்கொடுத்தது 241 புள்ளிகள். சியாட்டில் ஒன்றைத் தவிர வேறு எந்த அணியும் இவ்வளவு கஞ்சத்தனம் காட்டவில்லை. மிட்செல் 4 பந்துகளைப் பறித்தார். அடுத்த ஆண்டே பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அவருக்கு ஐந்தாண்டுக்கு 2.5 கோடி டாலர் கொடுத்தது. பேந்தர்ஸ் கையசைத்து வழியனுப்பியது.

எப்படி முடிந்தது? பின்வரிசையைப் பார்த்தால் விடை கிடைக்காது. முன்வரிசையைப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு பேந்தர்ஸ் எதிரணிக் குவார்ட்டர்பேக்குகளைப் பந்தோடு மடக்கி வீழ்த்தியது 60 முறை. வேறு எந்த அணியும் அந்த எண்ணிக்கையைத் தொடவில்லை. நடுவில் லூக் கீக்லி. அந்த ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது அவருக்குத்தான். குவார்ட்டர்பேக்குக்கு ஐந்து விநாடி கிடைத்தால் எந்த மன்னாதி மன்னனும் ரிசீவரைக் காக்க முடியாது. இரண்டரை விநாடிதான் என்றால், முப்பத்திரண்டு வயதுக் காலும் போதும்.

இன்னொன்று, தடுப்பாட்டப் பயிற்சியாளர் ஷான் மெக்டர்மட்டின் முறை. ஒவ்வொரு ரிசீவரின் முதுகிலும் ஓர் ஆளை ஒட்டிவிடுவது ஒரு வழி. அதற்கு மான்கால் வேண்டும், மான்கால் விலை அதிகம். அவர் பெரும்பாலும் இடத்தைக் காக்கச் சொன்னார். இந்தப் பத்துக் கஜம் உன் வயல். வயலுக்குள் எது வந்தாலும் உன்னுடையது. அப்போது காவலரின் கண் ரிசீவரின் முதுகில் இராது, வீசுபவரின் தோளில் இருக்கும். வேகம் போனாலும் அந்தத் தோளைப் படிக்கிற கண் போவதில்லை. ஆனால் இந்த முறையில் பக்கத்து வயல்காரனோடு விடாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு அறுந்தால் பஃபலோதான்.

2014இல் அதே செய்முறை, வேறு ஆட்கள். ஆன்ட்வான் கேசன், தாமஸ் டிகூட், நியூ ஆர்லியன்ஸ் கழித்துவிட்ட ரோமன் ஹார்ப்பர். குழம்பு கூடவில்லை. முன்வரிசையின் முக்கியமான ஒருவர், களத்துக்கு வெளியே எழுந்த வழக்கால் ஒரே ஆட்டத்தோடு அந்தப் பருவத்தை முடித்துக்கொள்ள நேர்ந்தது. அழுத்தம் குறைந்தவுடன் பின்னால் ஓட்டைகள் தெரிந்தன. டிசம்பர் பிறந்ததும் கேசனை நீக்கினார்கள். டிகூட் பெஞ்சுக்குப் போனார். டிரே பாஸ்டன், பெனே பென்விக்கரே என்ற இரண்டு புதுமுகங்கள் உள்ளே வந்தார்கள். 3 வெற்றி, 8 தோல்வி, 1 சமன் என்று கிடந்த அணி கடைசி நான்கையும் வென்றது.

எனக்கு மிகவும் பிடித்த ஆண்டு 2015. அந்தப் பின்வரிசை தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பெயர் ‘தீவ்ஸ் அவென்யூ’, திருடர் தெரு. தெருவாசிகளைப் பாருங்கள். கர்ட் கோல்மன், ஏழாம் சுற்றுத் தேர்வு. அந்த ஆண்டு 7 பந்துகளைத் திருடினார். அரிசோனாவை 49-15 என்று நொறுக்கிய அரையிறுதியில் மேலும் இரண்டு. சார்லஸ் டில்மன், வயது 34, சிகாகோவில் பன்னிரண்டு ஆண்டு ஆடி முடித்தவர். எதிராளி கையிலிருக்கும் பந்தைக் குத்துச்சண்டைக்காரர் போல முஷ்டியால் தட்டிவிடுவதில் நிபுணர். இன்னொரு ஓரத்தில் ஜாஷ் நார்மன். அவர் சந்தையில் வாங்கியவர் அல்லர். 2012இல் ஐந்தாம் சுற்றில் எடுத்து, திட்டி, உட்கார வைத்து, மறுபடி ஆட விட்டு வளர்த்த பிள்ளை. அந்த ஆண்டு அவரை வெல்ல ஆளில்லை. அணி பறித்த பந்துகள் மொத்தம் 39, அவற்றில் 24 காற்றிலேயே இடைமறித்தவை. இரண்டிலும் நாட்டிலேயே முதலிடம். 15 வெற்றி, 1 தோல்வி.

வருடக் கடைசியில் தெரு காலியாகத் தொடங்கியது. டிசம்பரில் பென்விக்கரேவின் கால் முறிந்தது. கடைசி லீக் ஆட்டத்தில் டில்மனின் முழங்கால் போனது. அப்போதும் கெட்டில்மன் கடைத்தெருவுக்குத்தான் போனார். அந்த வசந்தத்தில் ஓய்வை அறிவித்து வீட்டில் இருந்த கார்ட்லண்ட் ஃபினெகனை முன்பே, நவம்பர் கடைசியில், அழைத்து வந்திருந்தார். பிறகு ராபர்ட் மெக்லைன். இதே பேந்தர்ஸ் அணி 2010இல் எடுத்து, பின்பு வேண்டாம் என்று விட்டவர். ஊர் சுற்றித் திரும்பி வந்தார். இந்த இருவரும் 2016 பிப்ரவரி 7 அன்று இறுதிப்போட்டியான 50ஆவது சூப்பர் பௌலில் டென்வர் அணியின் குவார்ட்டர்பேக் பெய்டன் மேனிங்குக்கு எதிராக நின்றார்கள்.

தோற்றார்கள், 24-10. ஆனால் அந்தப் பழியை இவர்கள் தலையில் கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. மேனிங் அன்று வீசிச் சேர்த்தது வெறும் 141 கஜம். டென்வர் அணி மொத்தமாக முன்னேறியதே 194 கஜம். சூப்பர் பௌலை வென்ற எந்த அணியும் அவ்வளவு குறைவாக முன்னேறியதில்லை. ஆட்டம் கைநழுவியது மறுமுனையில், பந்து நம் கையில் இருந்தபோது. நம் என்று சொல்லிவிட்டேன், பாருங்கள். விட்டுவிடுகிறேன்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றுவரை செரிக்காதது. நார்மனை ஓராண்டு கட்டிவைக்க 1.395 கோடி டாலர் என்று அணி முத்திரை குத்தியிருந்தது. நீண்ட ஒப்பந்தத்துக்குப் பேச்சு படியவில்லை. ஏப்ரல் 20 அன்று கெட்டில்மன் முத்திரையைத் திரும்பப் பெற்றார். இரண்டு நாளில் வாஷிங்டன் அணி நார்மனுக்கு ஐந்தாண்டுக்கு 7.5 கோடி எழுதிக் கொடுத்தது. அந்த விலை அதிகம் என்று கெட்டில்மன் நினைத்ததில் தவறில்லை. நார்மனின் இடத்தை அவர் நிரப்பிய விதம்தான் தவறு. டிராஃப்டில் மூன்று கார்னர்பேக்குகளை எடுத்தார். ஜேம்ஸ் பிராட்பெரி, டாரில் வோர்லி, ஸாக் சான்செஸ். மூவரும் புதுமுகங்கள், மூவரும் மலிவு.

மலிவில் இரண்டு சாதி உண்டு என்பதை அவர் அன்று மறந்தார் என்றே நினைக்கிறேன். கிழ மலிவுக்குக் கால் இருக்காது, வாய் இருக்கும். ஆட்டம் தொடங்குமுன் எதிரணி நிற்கிற நிலையைப் பார்த்துப் பக்கத்து ஆளிடம் ‘நீ உள்ளே போ, வெளியே நான்’ என்று கத்துகிற வாய். இள மலிவுக்குக் கால் இருக்கும். கத்துவதற்கு விஷயம் இருக்காது. சம்பளப் பட்டியலில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். 2016 அக்டோபர் 2 அன்று அட்லாண்டாவில் அந்த வேறுபாடு தெரிந்தது. ஜூலியோ ஜோன்ஸ் என்ற ஒரே ரிசீவர் 300 கஜம் எடுத்தார். வீசிய மேட் ரயனுக்கு 503. ஸ்கோர் 48-33. அந்த வாரமே பென்விக்கரேவை வெளியேற்றினார்கள். கால் முறிந்து எழுந்து வந்த பையன், பாவம், பலி கேட்ட நேரத்தில் கண்ணில் பட்டான். பருவம் 6 வெற்றி, 10 தோல்வி என்று முடிந்தது. அடுத்த ஜூலையில் கெட்டில்மனும் வேலை இழந்தார். நியாயத்தைச் சொல்ல வேண்டுமென்றால், பிராட்பெரி பின்னாளில் நல்ல கார்னர்பேக்காக வளர்ந்தார். ஆனால் 2016க்கு அது உதவவில்லை.

மெக்டர்மட் அதற்கு முன்பே கிளம்பிவிட்டார். 2017 ஜனவரியில் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக அழைத்துக்கொண்டது பஃபலோ. ஆம், அதே பஃபலோ. பதினேழு ஆண்டுகளாக லீக் ஆட்டங்களைத் தாண்டி அடுத்த சுற்றைப் பார்க்காத அணி அது. போனதும் அவர் பின்வரிசைக்குச் சந்தையிலிருந்து இரண்டு சேஃப்டிகளைக் கூட்டி வந்தார். கிரீன் பே அணியில் இங்கும் அங்குமாக ஆடவைக்கப்பட்டிருந்த மைக்கா ஹைட், ஐந்தாண்டுக்கு 3.05 கோடி டாலர். கிளீவ்லேண்டிலிருந்து ஜோர்டன் போயர், ஏழாம் சுற்று, நான்காண்டுக்கு 1.3 கோடி. பெரிய செய்தி ஆகவில்லை. இருவரும் முப்பதைத் தொடாதவர்கள், ஆனால் தலா நான்கு பருவம் ஆடியவர்கள். காலும் இருந்தது, வாயும் இருந்தது. அந்த ஆண்டே ஆளுக்கு 5 பந்துகளைப் பறித்தார்கள். ஆண்டுக்கணக்கில் இரண்டு பேரும் ஒருவர் மனதில் நினைப்பதை மற்றவர் செய்கிற அளவுக்குப் பழகிப்போனார்கள்.

2017இன் கடைசி நாள், மயாமி நகரம். பஃபலோ 22, மயாமி 16. கடைசித் தறுவாயில் பந்து மயாமி கையில். உயரே வீசினார்கள். இந்த முறை யாரும் யாரையும் தனியே விடவில்லை. பந்தைப் பிடித்தவர் ஜோர்டன் போயர். அதற்குப் பிறகும் அவர்கள் வீட்டுக்குக் கிளம்பவில்லை. உடைமாற்றும் அறையில், வியர்வை காயாத சட்டையோடு தொலைக்காட்சி முன் நின்றார்கள். வேறோர் ஊரில் பால்டிமோர் தோற்றால்தான் இவர்களுக்கு அடுத்த சுற்று. சின்சினாட்டி அணிக்கு நான்காவது வாய்ப்பு, 12 கஜம் தேவை, மிச்சம் ஒரு நிமிடமும் இல்லை. டைலர் பாய்ட் பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடினார். அறை வெடித்தது.

நன்றி, வணக்கம்.