கருந்துளையும் நந்தினி போலக் கற்பனைதானா?

வணக்கம். மன்னார்குடி நேயர் ஒருவர் சற்றுக் குறும்பாகவே கேட்டிருக்கிறார்: "பொன்னியின் செல்வனில் வரும் நந்தினி உண்மையாகவே வாழ்ந்தவள் என்றுதான் சின்ன வயதில் நம்பினேன். பிறகு கற்பனை என்றார்கள். நீங்கள் சொல்லும் கருந்துளையையும் யாரும் கண்ணால் கண்டதில்லை. அதுவும் இன்னொரு நந்தினிதானே, ஐயா?"

நல்ல கேள்வி. நந்தினிக்குக் கல்வெட்டும் இல்லை, செப்பேடும் இல்லை. கல்கி படைத்தவள். ஆழ்வார்க்கடியானும் அப்படியே. ஆனால் ரவிதாசனையும் அந்த வரிசையில் சேர்த்துவிடாதீர்கள். காட்டுமன்னார்கோவில் பக்கம், உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டில், கரிகால சோழனை, அதாவது நாவலில் வரும் ஆதித்த கரிகாலனை, கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. நாவலில் ஆந்தை போல் கத்துகிற அந்த ஆள் கல்லிலேயே இருக்கிறான்!

இப்போது வந்தியதேவனுக்கு வருகிறேன். 5 பாகங்களிலும் குதிரையேறிச் சுற்றுகிறவன், தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் எப்படி வருகிறான் தெரியுமா? குந்தவை கோயிலுக்குக் கொடுத்தவற்றைச் சொல்லும்போது, அவர் "வல்லவரையர் வந்தியதேவர் மகாதேவியார்" என்று ஒரு சொல் விழுகிறது. அவன் செய்த சாகசம் ஒன்றும் அதில் இல்லை. மனைவியைப் பற்றிய வரியிலிருந்துதான் கணவன் இருந்தான் என்று தெரிந்துகொள்கிறோம். கருந்துளை இந்த வகை, ஐயா. அது நந்தினி அல்ல, வந்தியதேவன்.

நம் பால்வெளியின் நடுவே, சுமார் 27,000 ஒளியாண்டு தொலைவில், எஸ்2 என்றொரு விண்மீன் இருக்கிறது. 1990களிலிருந்து இரண்டு குழுக்கள் தனித்தனியாக அதைப் பின்தொடர்ந்தன. அது 16 ஆண்டுக்கு ஒருமுறை எதையோ சுற்றி வருகிறது. நடுவில் பார்த்தால் அதை இழுத்துச் சுற்றவைக்கக்கூடிய விண்மீன் எதுவும் தெரியவில்லை. சுற்றும் வேகத்தையும் தூரத்தையும் வைத்துக் கணக்குப் போட்டால், அந்தச் சிறிய இடத்துக்குள் 40 லட்சம் சூரியன்களுக்கு மேற்பட்ட நிறை அடங்கியிருக்க வேண்டும். இதற்காகத்தான் அந்த இரண்டு குழுக்களின் தலைவர்களான கென்சலும் கெஸ்சும் 2020இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள்.

இந்த எஸ்2 இன்னொரு கட்டுக்கதையையும் உடைக்கிறது. கருந்துளை எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்ளும் என்று சொல்லிச் சொல்லியே குழந்தைகளைப் பயமுறுத்திவிட்டோம். 2018இல் எஸ்2 மிக அருகே போனது. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல் சுமார் 120 மடங்கு. விநாடிக்கு 7,000 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வளைந்து, பத்திரமாகத் திரும்பிவிட்டது. நம் சூரியனையே அதே நிறையோடு சுமார் 3 கிலோமீட்டர் ஆரத்துக்குள் நசுக்கிக் கருந்துளையாக்கினாலும் பூமி இப்போது சுற்றுகிற பாதையிலேயே சுற்றும். குளிரில் விறைத்துப் போவோம், அது வேறு விஷயம். சூரியனுக்கு அப்படி ஆகுமளவு நிறை கிடையாது, கவலைப்படாதீர்கள். துளை என்ற பெயர்தான் நம்மைக் குழப்புகிறது. அங்கே ஓட்டையோ வெற்றிடமோ இருந்து இழுக்கவில்லை. மிகச் சிறிய இடத்தில் குவிந்த நிறைதான் இழுக்கிறது. மிக அருகில் போனால்தான் ஆபத்து. ஒளிகூடத் திரும்ப முடியாத ஓர் எல்லை இருக்கிறது. அதைத் தாண்டினால் தாண்டியதுதான்.

கண்ணால் கண்டதில்லை என்றீர்கள். 2019இல் எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் நடுவிலிருந்து ஒரு படம் வெளியானது. ஆரஞ்சு வளையம், நடுவே இருட்டு. வளையம் சுற்றியிருக்கும் சூடான வாயுவிலிருந்து வருகிறது. இருட்டு, கருந்துளையின் நிழல். அங்கேயும் பக்கத்தில் இருப்பதுதான் சாட்சி சொல்கிறது.

அந்த எல்லைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள். அங்கிருந்து ஒரு வரிச் செய்திகூட வெளியே வராது. அந்த இடத்தை வேண்டுமானால் நந்தினிக்கு விட்டுக்கொடுக்கிறேன்.