படகில் உறங்கும் மனைவி

நேயர்களுக்கு வணக்கம்.

பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் ஓர் ஓவியம் இருக்கிறது. பெயர், 'இன்பக் கனவு'. ஒரு படகு, கைக்குழந்தையோடு மனைவி கணவன் மேல் சாய்ந்து உறங்குகிறாள். துடுப்பு வலிப்பவர்கள் காதல் தேவனும் அதிர்ஷ்ட தேவதையும். 1819-இல் பாரிஸின் அரசு ஓவியக் கண்காட்சியான சலோனில் இதை வைத்தவர் கொன்ஸ்தான்ஸ் மாயேர். மணமாகாதவர்.

அவருடைய துணைவர் ஓவியர் புருதோன். 1803-இல் மனைவியைப் பிரிந்தவர், ஆனால் விவாகரத்துப் பெறவில்லை. 1816-இல் பிரான்சில் விவாகரத்துச் சட்டமே ஒழிக்கப்பட்டது. புருதோனின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர் மாயேர்தான்.

இருவரும் வேலையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். படத்துக்கு முன் வரையும் மாதிரி ஓவியங்களைப் பெரும்பாலும் புருதோன் வரைந்தார், வண்ணம் தீட்டி முடித்தவர் மாயேர். மாயேருக்குத் திறமைக் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். பாரிஸ் அரசு ஓவியப் பள்ளி பெண்களைச் சேர்த்ததே 1897-இல்தான்; நிர்வாண மாதிரியை வைத்து உடலமைப்பைப் படிக்கும் பயிற்சி பெண்களுக்கு எளிதில் கிடைக்கவில்லை.

புருதோனின் மாதிரி ஓவியங்களைப் பார்த்தால், பெரும்பாலும் நீலத் தாள், கறுப்புச் சாக்கட்டி, வெள்ளைச் சாக்கட்டி, அவ்வளவுதான். தாளின் நீலமே நடுத்தர நிழல். இருள் விழும் இடத்தில் மட்டும் கறுப்பு. அதைத் தாள் சுருளால் தேய்த்து மென்மையாக்கி, மேலே மறுபடி மெல்லிய கோடுகள். ஒளி படும் இடத்தில் கடைசியாக வெள்ளை. இரண்டுக்கும் நடுவே வெறும் தாளை விடவேண்டும். பொறுமையில்லாமல் கறுப்பின் மேலேயே வெள்ளையைத் தேய்த்தால் உடலின் நிறம் சாம்பல் பூத்துப் போகும். வெளிச்சம் அதிகம் பட்டால் தாளின் நீலம் மங்கிப் பழுப்பாகும். நடு நிழல் கெட்டு, வெள்ளை மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். அதனால்தான் இத்தகைய தாள்களை 50 லக்ஸ் அளவுள்ள மங்கிய வெளிச்சத்தில், சில மாதங்களுக்கு மட்டும் காட்சிக்கு வைக்கிறார்கள்.

'இன்பக் கனவு' படத்துக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1810-இல், மாயேர் இரு படங்களைச் சேர்த்து வைத்தார். ஒன்றில் மகிழ்ச்சியான தாய், மற்றதில் துயருற்ற தாய். இரண்டிலும் கணவன் இல்லை. கணவனைச் சேர்த்து வரைந்தபோது அதைக் 'கனவு' என்றார். இதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

1821 மே மாதம் மாயேர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் பாதியில் விட்ட, துயரில் மூழ்கிய ஒரு குடும்பத்தின் படத்தைப் புருதோன் முடித்து, 1822 கண்காட்சியில் வைத்தார்.