சருகுக்கு அடியில் ஒரு நீலம்: ஹெபாட்டிகாவைக் கண்டுபிடிப்பதும் வளர்ப்பதும்

[காட்சி: இலை உதிர்ந்த காடு. ஒரு கை சருகை மெல்ல விலக்குகிறது.]

பனி இப்போதுதான் உருகியிருக்கிறது. மரங்களில் ஓர் இலை கிடையாது. தரையில் சருகை விலக்கினால், கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு நீலப் பூ. இதுதான் ஹெபாட்டிகா. ஐரோப்பா, கிழக்கு ஆசியா, வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி என மூன்று இடங்களின் காடுகளிலும் உண்டு. ஒரு சாண் உயரம்கூட வளராது. ஆனால் பல்லாண்டுச் செடி. வருடாவருடம் அதே இடத்தில் பூக்கும்.

பூவை மட்டும் நம்பித் தேடினால் குழம்பிப்போவீர்கள். நீலம், ஊதா, இளஞ்சிவப்பு, வெள்ளை என்று நிறம் மாறும். இதழ்கள் ஒன்றில் ஆறு இருக்கும், பக்கத்துப் பூவில் ஒன்பது இருக்கும். முதலில் இலையைப் பாருங்கள்.

[காட்சி: இலை, மிக அருகில்.]

மூன்று மடல்கள். தோல்போலத் தடிப்பு. செம்பழுப்பு நிறம். இது போன வருடத்து இலை! குளிர்காலம் முழுவதும் உதிராமல் கிடந்து, மரங்கள் தழைத்து நிழல் கட்டுவதற்குள் கிடைக்கும் வெயிலை வாங்கிக்கொள்கிறது. பூ முடிந்த பிறகுதான் புது இலை வரும். அந்த வடிவமும் நிறமும் கல்லீரலை நினைவூட்டியதால், கிரேக்கத்தில் கல்லீரலைக் குறிக்கும் ‘ஹெபார்’ என்ற சொல்லிலிருந்து பெயர் வந்தது. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் கல்லீரல் நோய்க்கு மருந்தாகவே கொடுத்தார்கள். நீங்கள் கஷாயம் வைக்கக் கிளம்பிவிடாதீர்கள். பச்சைச் செடியின் சாறு வாயையும் தோலையும் எரிக்கும்.

[காட்சி: பூவைத் திருப்பிக் காட்டுதல்.]

பூவுக்கு அடியில் மூன்று பச்சைச் சிற்றிலைகள். புல்லி இதழ்கள், அதாவது மொட்டைப் பொதிந்திருக்கும் வெளி இதழ்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மையில் அவை பூவடிச் செதில்கள். நிறத்தோடு விரிந்திருப்பவைதான் புல்லி இதழ்கள். அல்லி இதழ் இந்தப் பூவுக்கு இல்லவே இல்லை. தேனும் கிடையாது, வண்டுகள் மகரந்தத்துக்காக வருகின்றன. காம்பில் பூனைக்குட்டியின் காதுமுடிபோல வெள்ளி ரோமம். காம்பு தரையிலிருந்து அந்த மூன்று செதில்கள்வரை வெறுமையாக இருக்கும். பலரும் இதனோடு குழப்பிக்கொள்ளும் காட்டு அனிமோன் என்ற பூச்செடியில் காம்பின் நடுவிலேயே பிளவுபட்ட இலைகள் நிற்கும்.

அமெரிக்காவில் இரண்டு வகைகள்: மடல் நுனி உருண்டது ஒன்று, கூரானது ஒன்று. கூரானதற்குச் சுண்ணாம்பு கலந்த மண் பிடிக்கும்.

[காட்சி: மரத்தடியில் நடவு.]

வளர்ப்பதற்கு, இலையுதிர் மரத்தின் அடிதான் சரியான இடம். இலைமக்கு நிறைந்த மண், தண்ணீர் தேங்காத சரிவு. நட்ட பிறகு கிளறாதீர்கள், இடம் மாற்றாதீர்கள். வேரைத் தொந்தரவு செய்தால் இந்தச் செடி நெடுநாள் முறைத்துக்கொண்டிருக்கும். காட்டிலிருந்து பிடுங்கி வருவது தவறு என்பதோடு வீண்வேலையும்கூட. நாற்றங்காலில் விதையிலிருந்து வளர்த்த கன்றை வாங்குங்கள்.

விதையிலிருந்தே தொடங்க ஆசையா? விதை பச்சையாக இருக்கும்போதே உதிரும், எறும்புகள் உடனே தூக்கிப்போய்விடும். அதன் நுனியில் அவற்றுக்குப் பிடித்த கொழுப்புத் துணுக்கு இருக்கிறது. காட்டில் செடி பரவுவதே அப்படித்தான். ஆகவே லேசாகத் தொட்டால் விழும் பக்குவத்தில் எடுத்து, அன்றே விதையுங்கள். காய்ந்தால் முளைப்பது கடினம்.

பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். என் முதல் தொட்டியை, எல்லாம் அழுகிப்போயிற்று என்று அந்தக் கோடையிலேயே கொட்டிவிட்டேன். இலையுதிர் காலத்தில் வேர் விட்டு, அடுத்த வசந்தத்தில்தான் விதையிலைகள் தலைகாட்டும் என்று அப்போது தெரியாது. முதல் வருடம் பெரும்பாலும் அந்த இரண்டு விதையிலைகளோடு சரி. பூவுக்கு இன்னும் சில வருடங்கள் ஆகும்.

[காட்சி: வெறும் மண் தொட்டி, செருகிய குச்சி.]

விதைத்த தேதியைக் குச்சியில் எழுதிச் செருகிவிட்டு, ஈரம் காயாமல் நிழலில் வையுங்கள்.