பெட்ரோல் தீர்ந்த ஊரில் ஒரு ராக் குழு

வணக்கம் நேயர்களே. பேர் சொன்னதுமே பாட்டை முணுமுணுக்கிற மாதிரி ஒரு ஆளைப் பற்றிப் பேசியிருக்கலாம். நான் எடுத்துக்கொண்டிருப்பது டெட் மூன் என்ற அமெரிக்க ராக் குழுவை. உங்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை, அமெரிக்காவிலேயே பலருக்குத் தெரியாது. 1987 முதல் 2006 வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாசித்தார்கள். பத்து ஸ்டுடியோ ஆல்பங்கள். ஒரு பாட்டுகூட ஹிட் பட்டியலில் ஏறியதில்லை.

இவர்கள் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அதைச் சோகக் கதையாகவே சொல்கிறார்கள். 'இவ்வளவு திறமை இருந்தும் பாவம், மேலே வர முடியவில்லையே' என்று. ஒலிப்பதிவுத் தொழிலில் இருக்கும் எனக்கு அது சரியாகப் படவில்லை. எப்படி மேலே வராமல் போனார்கள் என்பதைவிட, இத்தனை வருடம் எப்படி ஓடினார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். அதற்கு விடை அவர்களுடைய பாட்டைவிட, கடையிலும் வீட்டிலும் ஒரு பழைய இயந்திரத்திலும்தான் இருக்கிறது.

முதலில், இவர்கள் வாசித்த கராஜ் ராக் என்றால் என்ன என்று இரண்டு வார்த்தை. 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் குழு அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியது. அதைப் பார்த்த பள்ளிக்கூடப் பையன்கள் ஊருக்கு ஊர் கிட்டார் வாங்கி, வீட்டுக் கார் ஷெட்டில் நின்று அலறத் தொடங்கினார்கள். கிட்டாரில் மூன்றே மூன்று சுரக்கூட்டு, அக்கம்பக்கத்தார் புகார், உள்ளூர் கம்பெனியில் ஒன்றிரண்டு இசைத்தட்டு, அப்புறம் கல்லூரி அல்லது ராணுவம். பெரும்பாலான குழுக்கள் அதோடு சரி.

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இந்த முரட்டு ராக் பீட்டில்ஸுக்கு முன்பே இருந்தது. டகோமா நகரத்து வெய்லர்ஸ், அவர்களுக்குப் பின்னே சோனிக்ஸ், போர்ட்லாந்தின் கிங்ஸ்மென் எல்லாம் அந்தப் பக்கத்து ஆட்கள். கிங்ஸ்மென் 1963-ல் 'லூயி லூயி' என்ற பழைய பாட்டைப் பதிவு செய்தார்கள். பாடகர் என்ன பாடுகிறார் என்றே விளங்காது. அதனாலேயே அதில் ஆபாசம் இருக்கிறது என்று புரளி கிளம்பி, எஃப்.பி.ஐ. விசாரணையே நடந்தது. எந்த வேகத்தில் சுழலவிட்டுக் கேட்டாலும் வார்த்தை புரியவில்லை என்று கோப்பில் எழுதி வைத்தார்கள். அரசாங்கச் சம்பளத்தில் உட்கார்ந்து கராஜ் ராக் கேட்டவர்கள் அவர்கள் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

டெட் மூனின் பாடகர், கிட்டார்காரர் ஃபிரெட் கோல் 1948-ல் டகோமாவில் பிறந்தவர். லாஸ் வேகஸில் வளர்ந்து, பதின்ம வயதிலேயே மேடை ஏறியவர். தொடக்கத்தில் அவரை 'டீப் சோல் கோல்' என்று பேர் சூட்டி விற்கப் பார்த்தார்கள். அப்புறம் வீட்ஸ் என்ற குழு. சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் அரங்கில் யார்ட்பேர்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் குழுவின் கச்சேரிக்கு முன்னால் வாசிக்கலாம் என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். போய்ப் பார்த்தால் பட்டியலில் இவர்கள் பேரே இல்லை. வியட்நாம் போர்க்காலம் வேறு, எந்த நேரமும் ராணுவத்துக்கு அழைப்பு வரலாம். இதற்குக் கனடாவே மேல் என்று வண்டியைக் கிளப்பினார்கள்.

வழியில் போர்ட்லாந்தில் பெட்ரோல் தீர்ந்துபோனது. கையில் காசு இல்லாததால் அங்கேயே 'ஃபோக் சிங்கர்' என்ற கிளப்பில் வாசிக்கத் தொடங்கினார்கள். அந்தக் கிளப்பில் ஃபிரெட் சந்தித்த பெண்தான் டூடி. 1967-ல் கல்யாணம் ஆனது.

இதற்கிடையே சீட்ஸ் என்ற குழுவை நடத்திய மேலாளர் இவர்களையும் எடுத்துக்கொண்டு, பெரிய கம்பெனியான யூனியில் ஒப்பந்தம் வாங்கித் தந்தார். சீட்ஸ், வீட்ஸ் இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கிறது என்று பேரை மட்டும் மாற்றச் சொன்னார். வைத்த புதுப் பேர் 'லாலிபாப் ஷாப்'. மிட்டாய்க் கடை! 1968-ல் வெளிவந்த அவர்களுடைய 'யூ மஸ்ட் பி எ விட்ச்' பாட்டைக் கேட்டால் தொண்டை கிழிகிற ஆவேசம் இருக்கும். மேலே ஒட்டியிருப்பதோ குழந்தைப் பாட்டு போன்ற ஒரு லேபிள். முரட்டு ராக் தேடுகிறவன் அந்தப் பேரைப் பார்த்ததுமே தட்டைக் கீழே வைத்துவிடுவான், மிட்டாய் தேடி வாங்கியவன் வீட்டில் போட்டுப் பார்த்துத் திடுக்கிடுவான். முப்பது வருடம் கழித்து, 1998-ல் அறுபதுகளின் கராஜ் பாட்டுகளைத் திரட்டிய 'நக்கெட்ஸ்' பெட்டியில் இந்தப் பாட்டு இடம்பிடித்தது. அதற்குள் அதைப் பாடியவருக்கு ஐம்பது வயது.

பெரிய கம்பெனியோடு ஃபிரெட்டுக்கு இருந்த சம்பந்தம் ஏறக்குறைய அவ்வளவுதான். எழுபதுகளின் தொடக்கத்தில் கணவனும் மனைவியும் கனடாவின் யூகான் காட்டுப்பக்கம் போய்க் குடியிருந்து பார்த்தார்கள். திரும்பி வந்து, போர்ட்லாந்துக்கு வெளியே கிளாக்கமாஸில் தங்கள் கையாலேயே வீடு கட்டினார்கள். இசைக்கருவிக் கடை வைத்தார்கள். மூன்று பிள்ளைகள். ஃபிரெட் நடுநடுவே ஸிப்பர், கிங் பீ என்று குழுக்கள் வைத்துக் கலைத்துக்கொண்டிருந்தார். பங்க் என்ற எளிய, ஆவேசமான ராக்கின் அலை வந்ததும் அவருக்கு மறுபடி வேகம் பிறந்தது. தாழ்ந்த ஒலி தரும் பேஸ் கிட்டாருக்குப் புதிதாக ஒரு ஆளைத் தேடுவதற்குப் பதில், டூடியையே பேஸ் கற்றுக்கொள்ளச் சொன்னார். அப்போது டூடிக்கு முப்பது வயது இருக்கும், கருவி வாசித்துப் பழக்கம் இல்லை. அப்படித் தொடங்கிய ரேட்ஸ் என்ற குழு மூன்று ஆல்பம் போட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ராக் குழுக்கள் உடைவதற்குப் பணத்தைவிடப் பெரிய காரணம், வீட்டில் காத்திருக்கும் ஒருவர் ஒருநாள் 'எப்போதுதான் இதை விடப்போகிறீர்கள்?' என்று கேட்பது. இந்தக் குழுவில் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர் பக்கத்தில் நின்று பேஸ் வாசித்துக்கொண்டிருந்தார். சம்பளம் பிரிக்க வேண்டிய ஆளும் ஒன்று குறைவு. புருஷன் அடுப்படியிலும் பெண்டாட்டி கல்லாவிலுமாக நடத்தும் மெஸ் கணக்குதான் இது.

1987-ல் ஆண்ட்ரூ லூமிஸ் என்ற இளம் டிரம்ஸ்காரரைச் சேர்த்துக்கொண்டு டெட் மூன் தொடங்கியபோது ஃபிரெட்டும் டூடியும் நாற்பதை நெருங்கியிருந்தார்கள். பெரும்பாலான ராக் பாடகர்கள் பழைய பாட்டைப் பாடிப் பிழைக்கத் தொடங்கும் வயது அது. முதல் ஆல்பம் 1988-ல் வந்தது. பெரிய மேடையாக இருந்தாலும் மூவரும் நெருக்கியடித்தே நிற்பார்கள். டிரம்ஸ் மேல் ஒரு விஸ்கி பாட்டில், அதன் வாயில் எரியும் மெழுகுவத்தி. பிறைநிலாவுக்குள் மண்டையோட்டு முகம் வைத்த சின்னம் ஃபிரெட் வரைந்தது. அதைப் பச்சை குத்திக்கொண்ட ரசிகர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். ஃபிரெட் தன் கன்னத்திலேயே குத்திக்கொண்டிருந்தார்.

சரி, அந்த இயந்திரத்துக்கு வருகிறேன். என் தொழில் சம்பந்தப்பட்டது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பாட்டு டேப்பில் பதிவானால் மட்டும் இசைத்தட்டு ஆகிவிடாது. அலுமினியத் தட்டின் மேல் லாக்கர் பூசிய ஒரு வட்டை எடுத்து, சுழலவிட்டு, சூடான ஊசியால் அதில் வரி கீற வேண்டும். பாட்டின் அலைக்கு ஏற்ப ஊசி அசையும், அந்த அசைவுதான் வரியாகப் பதியும். பிறகு அந்த வட்டின் மேல் உலோகம் படியவைத்து உரித்தெடுத்தால் அச்சு கிடைக்கும். அந்த அச்சை வைத்துத் தொழிற்சாலையில் வினைல் தட்டுகளை அழுத்தி எடுப்பார்கள். வரி கீறும் வேலை கொஞ்சம் நுணுக்கமானது. பேஸ் ஒலி அதிகமானால் ஊசி பக்கத்து வரிக்குள் பாய்ந்துவிடும், உச்ச ஒலி அதிகமானால் வெட்டும் தலை சூடேறிவிடும். அதனால் குழுக்கள் இதற்கென்று இருக்கும் நிபுணரிடம் காசு கொடுத்துச் செய்துகொள்வது வழக்கம்.

ஃபிரெட் அந்த இயந்திரத்தையே வாங்கிவிட்டார். 1954-ம் ஆண்டைச் சேர்ந்த பிரெஸ்டோ. சற்று முன் சொன்ன 'லூயி லூயி'யின் கிங்ஸ்மென் பதிவை வெட்டியதும் இதே இயந்திரம்தான் என்று சொல்வார்கள். ஸ்டீரியோ வருவதற்கு முந்தைய காலத்து மோனோ இயந்திரம் அது. ஸ்டீரியோ தட்டில் வரியின் இரண்டு சுவர்களிலும் இரண்டு தனித்தனி ஒலி இருக்கும். மோனோவில் ஊசி பக்கவாட்டில் மட்டும் அசையும், இருப்பது ஒரே ஒலி. உலகமே சிடிக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் கிளாக்கமாஸில் உட்கார்ந்து மோனோ தட்டு வெட்டிக்கொண்டிருந்தார்கள். டூம்ஸ்டோன் என்ற தங்கள் சொந்த லேபிளில் வெளியிட்டு, தங்கள் கடையிலேயே விற்றார்கள்.

அந்தப் பதிவுகள் எல்லாமே அற்புதம் என்று நான் சொல்ல மாட்டேன். ரசிகர்கள் அப்படித்தான் சொல்வார்கள். சில ஆல்பங்களில் டிரம்ஸ் பக்கத்து வீட்டில் வாசிப்பது போலக் கேட்கிறது, குரலும் கிட்டாரும் ஒரே இடத்துக்கு முட்டி மோதுகின்றன. என்னிடம் கொடுத்திருந்தால் பாதியைத் திருப்பி அனுப்பியிருப்பேன். ஆனால் என் மாதிரி ஒரு ஆள் திருப்பி அனுப்ப வழியில்லாமல் வைத்ததுதான் அவருடைய சாமர்த்தியம். வீட்டுக்கு வாடகை இல்லை, வெட்டுக்கூலி இல்லை, பேரை மாற்றச் சொல்ல மேலாளரும் இல்லை. ஆயிரம் தட்டு விற்றாலே அடுத்ததற்குக் காசு வந்துவிடும் என்கிற அளவுக்குச் செலவை இறக்கி வைத்திருந்தார்கள். பெரிய கம்பெனிக் குழு லட்சம் தட்டு விற்றும், கம்பெனி கொடுத்த முன்பணத்தை அடைக்க முடியாமல் கடனில் நிற்பது இந்தத் தொழிலில் சகஜம்.

கச்சேரிக் கூட்டம் அவர்களுக்குக் கிடைத்தது ஐரோப்பாவில். மியூசிக் மேனியாக் என்ற ஜெர்மன் சிறு கம்பெனி அவர்கள் ஆல்பங்களை அங்கே வெளியிட்டது. ஜெர்மனி, நெதர்லாந்து பக்கம் வருடா வருடம் வேன் ஏறிச் சுற்றுவார்கள். அங்கே கூட்டம் வந்ததற்கு ரசனை மட்டும் காரணமல்ல. நெதர்லாந்தின் குரோனிங்கனில் வேரா என்று ஒரு கிளப் இருக்கிறது. அரசு மானியமும் தன்னார்வலர்களின் உழைப்பும் சேர்ந்து ஓடும் இடம். அப்படிப்பட்ட இடங்களில் வாசிக்க வரும் குழுவுக்குச் சாப்பாடும் படுக்கையும் உண்டு. அமெரிக்கச் சின்ன பாரில் வாசித்தால், அன்று வாசலில் வசூலானதில் ஒரு பங்கு, அப்புறம் ராத்திரியோடு ராத்திரியாக அடுத்த ஊர். நாற்பத்தைந்து வயதில் வருடக்கணக்காக ஊர் சுற்ற வேண்டுமானால் சூடான சோறு சாதாரண விஷயமில்லை.

1991-ல் போர்ட்லாந்துக்கு வடக்கே சில மணி நேரத் தொலைவில் இருக்கும் சியாட்டிலில் நிர்வாணா குழு வெடித்துக் கிளம்பியது. பெரிய கம்பெனிகள் வடமேற்கு முழுக்கக் காசோலையோடு அலைந்தன. அந்த அலை டெட் மூனை நனைக்காமலே போனது. அந்தக் குழுக்களில் இவர்களை மதித்தவர்கள் உண்டு. பேர்ல் ஜாம் இவர்கள் பாட்டு ஒன்றைத் தங்கள் மேடைகளில் பாடியிருக்கிறார்கள். நிர்வாணாவின் முதல் கம்பெனியான சப் பாப், டெட் மூன் பாட்டுகளைத் திரட்டி இரண்டு சிடித் தொகுப்பாக வெளியிட்டது 2006-ல். குழு கலைந்ததும் அதே வருடம்தான். அமெரிக்காவில் கடை கடையாகக் கிடைக்கத் தொடங்கும்போது வாசிக்க ஆள் இல்லை.

ஃபிரெட்டும் டூடியும் சும்மா இருக்கவில்லை. மறு வருடமே வேறொரு டிரம்ஸ்காரரோடு பியர்ஸ்ட் ஆரோஸ் என்று புதுக்குழு. 2014-ல் பழைய மூவரும் மறுபடி சேர்ந்து சில கச்சேரிகள் செய்தார்கள். அதே வருடம் ஃபிரெட்டுக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்தது. 2016 மார்ச்சில் புற்றுநோயால் ஆண்ட்ரூ லூமிஸ் இறந்தார், வயது 54. 2017 அக்டோபர் 5-ஐ 'டெட் மூன் இரவு' என்று போர்ட்லாந்து நகரம் அறிவித்தது. ஒரு மாதம் கழித்து, நவம்பர் 9 அன்று ஃபிரெட் கோல் இறந்தார். அவருக்கு 69 வயது. அவர்களுக்குக் கல்யாணம் ஆகி ஐம்பது வருடம் ஆகியிருந்தது. டூடி அதன் பிறகும் மேடை ஏறி, அந்தப் பாட்டுகளைப் பாடியிருக்கிறார்.

இந்த வாழ்க்கைக்கு விலை இல்லாமல் இல்லை. ஐம்பது வயதைத் தாண்டியும் தானே வேன் ஓட்டி, தானே ஆம்ப்ளிஃபயர் தூக்கி, திரும்பி வந்து கடையைத் திறக்க வேண்டும். அதை அழகு என்று எழுதுபவர்கள் யாரும் அந்தப் பெட்டிகளைத் தூக்கிப் பார்த்ததில்லை. ஆனாலும் 1968-ல் மிட்டாய்க் கடையாக விற்கப்பட்டவர், அதன் பிறகு தன் பாட்டுக்கு வேறு யாரையும் பேர் வைக்க விடவில்லை. அவரை 'மேலே வராதவர்' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த உரை முடிந்ததும் டெட் மூன் பாட்டு ஒன்றை ஒலிபரப்பச் சொல்லியிருக்கிறேன். ஹெட்போனில் கேட்பவர்கள் ஒரு பக்கம் வேலை செய்யவில்லையோ என்று கழற்றிப் பார்க்க வேண்டாம், இரண்டு காதிலும் ஒரே ஒலிதான் வரும். நடுவில் குரல் கிறீச்சென்று உடையும். அது நிலையத்தின் கோளாறு அல்ல, அவர் பாடுவதே அப்படித்தான். வணக்கம்.