கேட்டவருக்குக் கிடைத்த பதில்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

குழுவின் அச்சத்தைப் போக்குவது தலைவரின் நடைமுறையா, உறுப்பினரின் துணிவா என்பது தலைப்பு. "துணிந்தவன் எந்தத் தலைவரிடமும் பேசிவிடுவான், பயந்தவனைப் பேசவைக்க எந்தத் தலைவராலும் முடியாது" என்று எதிரணி நண்பர் முழங்கினார், கைதட்டலும் வாங்கினார். அந்தத் துணிந்தவனையே நான் சாட்சிக்கு அழைக்கிறேன்.

1977 மார்ச் 27. கேனரித் தீவுகளில் உள்ள டெனரீஃப் விமான நிலையம். ஓடுபாதை முழுக்க மூடுபனி. ஒரு முனையில் கேஎல்எம் நிறுவனத்தின் போயிங் 747 புறப்படத் தயாராக நிற்கிறது. அதே பாதையில் பான் ஆம் நிறுவனத்தின் இன்னொரு 747 ஊர்ந்து வருகிறது. ஒன்று மற்றொன்றின் கண்ணுக்குத் தெரியவில்லை. கேஎல்எம் கேப்டன் மற்ற விமானிகளுக்கே பயிற்சி தருபவர். அருகில் அமர்ந்திருந்த துணை விமானியை 747 ஓட்டத் தகுதியானவர் என்று சோதித்துத் தேர்ச்சி தந்தவரும் அவரே. விமானம் ஓடத் தொடங்கிவிட்டது. வானொலியில் காதில் விழுந்த பேச்சு, அதே விமானி அறையில் உடன் அமர்ந்திருந்த விமானப் பொறியாளரை உறுத்துகிறது. பான் ஆம் விமானம் இன்னும் விலகவில்லையா என்று கேட்கிறார். ஆம் நடுவர் அவர்களே, அவர் கேட்டார்! விலகிவிட்டது என்று கேப்டனிடமிருந்து அழுத்தமான பதில் வந்தது. அதற்குமேல் அவர் வற்புறுத்தவில்லை. சில நொடிகளில் இரண்டு விமானங்களும் மோதின. 583 பேர் இறந்தார்கள்.

அந்தப் பொறியாளரைக் கோழை என்பீர்களா? துணிவு ஒருவரை ஒருமுறை பேசவைக்கும். மறுமுறை வாய் திறப்பாரா என்பதை முதல்முறை அவருக்குக் கிடைத்த பதில் தீர்மானிக்கிறது. அந்தப் பதில் தலைவரின் நாவில் இருக்கிறது. எங்கள் அணி நிற்பது இந்த ஓர் இடத்தில்தான்.

விபத்துகளிலிருந்து விமானத் துறை கற்ற பாடமும் இதுவே. துணை விமானிகளே, தைரியமாக இருங்கள் என்று சுவரொட்டி ஒட்டிவிட்டு ஓயவில்லை. 1979-இல் நாசா இதற்காகவே ஒரு பயிலரங்கு நடத்தியது. 1981-இல் யுனைட்டெட் ஏர்லைன்ஸ், கேப்டன்களையும் சேர்த்து விமானி அறைக் குழுக்களுக்குப் பயிற்சியைத் தொடங்கியது. மாற்றுக் கருத்தைக் கேட்டு வாங்குவதும் கேப்டனின் வேலை என்றானது. 1989 ஜூலை 19 அன்று அதே நிறுவனத்தின் விமானம் ஒன்றில் வால்பகுதி எஞ்சின் நடுவானில் சிதறி, விமானத்தைத் திருப்ப உதவும் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் செயலிழந்தன. கேப்டன் எல்லாம் தெரிந்தவர்போல் நடிக்கவில்லை. பயணியாக வந்திருந்த பயிற்சி விமானி ஒருவரை அறைக்குள் வரவழைத்து, எஞ்சின்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிடிகளை அவர் கையில் ஒப்படைத்தார். விமானத்தில் இருந்த 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். அதற்கு அந்தப் பயிற்சியே முக்கியக் காரணம் என்று கேப்டன் பின்னாளில் பலமுறை சொன்னார்.

பயம் போனால் ஒழுங்கும் போய்விடும் என்பது எதிரணியின் அடுத்த அம்பு. பயம் தவறைக் குறைப்பதில்லை. தவறு பற்றிய செய்தியைத்தான் குறைக்கிறது. 1990-களில் அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தபோது, நல்ல தலைமை உள்ள பிரிவுகளில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே செவிலியர்கள் மறைக்காமல் சொன்னார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். அமெரிக்காவில் 1976 முதல் ஒரு திட்டம் நடக்கிறது. அறியாமல் விதி மீறிய விமானி 10 நாட்களுக்குள் தானாகவே நாசாவுக்கு எழுதினால், அவருக்குத் தண்டனையிலிருந்து பாதுகாப்பு உண்டு. தெரிந்தே செய்த மீறலுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஒழுங்கு எங்கே குலைந்தது, நண்பரே?

நான் ஒரு குழுவுக்குப் பொறுப்பேற்ற முதல் ஆண்டில் நடந்ததைச் சொல்கிறேன். கணக்கை அனுப்ப ஒரு மணி நேரமே இருந்தது. குழுவிலேயே இளையவள் ஒரு தாளை நீட்டினாள். தவறான வரியின்மேல் விரல் வைத்திருந்தாள். "இதை இப்போதா சொல்வது?" என்றேன். குரலைக்கூட உயர்த்தவில்லை. விரல் பின்வாங்கியது. அதன்பின் பல மாதங்கள் என் மேசைக்கு நல்ல செய்தி மட்டுமே வந்தது. குழு சிறப்பாக இயங்குவதாக நினைத்துக்கொண்டேன். இடித்துச் சொல்ல ஆளில்லாமல் போனதை அறியவே இல்லை. அந்த மூன்று சொற்களுக்காக இன்றும் வருந்துகிறேன்.

பிறகு மாற்றிக்கொண்டது சிறிதுதான். கூட்டத்தில் இளையவர் முதலில் பேசுவார், நான் கடைசியில். "ஏதாவது சந்தேகம் இருக்கிறதா?" என்று கேட்பதில்லை, அதற்கு எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். "இந்தத் திட்டம் எந்த இடத்தில் உடையும்?" என்று கேட்கிறேன். கெட்ட செய்தி வந்தால் முதலில் நன்றி, அடுத்து என்ன செய்யலாம் என்ற கேள்வி; யார் செய்தது என்பது பிறகு. என் தவறை நானே முதலில் சொல்கிறேன். ஆறு மாதம் கழித்துத்தான் அந்தப் பெண் மீண்டும் ஒரு தாளோடு வந்தாள். அவளுடைய துணிவு எங்கும் போயிருக்கவில்லை.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்: அன்று அந்த கேப்டன் "சற்றுப் பொறு, கேட்டுவிடுவோம்" என்று சொல்லியிருந்தால், பொறியாளருக்கு இன்னும் எவ்வளவு துணிவு தேவைப்பட்டிருக்கும்?