வெட்டியெடுத்த யாத்திராகமம்

நடுவர் ஐயா அவர்களுக்கும், பிரியாணிப் பொட்டலம் எப்போது வரும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிற நம் தமிழ்ச் சபையாருக்கும் வணக்கம், ஸ்தோத்திரம். இரண்டையும் சொல்லிவிட்டேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தலைப்பு, "அமெரிக்கப் பள்ளிகளில் இனவெறியைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது பிள்ளைகளைப் பிரிக்கிறதா, சேர்க்கிறதா?" சேர்க்கிறது என்று பேச வந்திருக்கிறேன். கிறிஸ்தவனாகவே நின்று பேசுகிறேன், ஏனென்றால் எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் வேதாகமத்தைக் கையில் எடுத்துவிட்டார். எசேக்கியேல் 18-ஐ வாசித்தார், "குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதுமில்லை." கைதட்டல் பலமாக விழுந்தது, நானும் தட்டினேன். தாத்தா செய்த பாவத்துக்கு நாலாம் வகுப்புப் பிள்ளை தண்டனை அனுபவிக்கக் கூடாது, இதில் என்ன சண்டை? எந்த டீச்சராவது ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையை எழுப்பி நிறுத்தி "நீ அடக்குமுறை செய்கிற ஆள்" என்று சொன்னால் அது தப்பு. அப்படிப்பட்ட டீச்சருக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை.

ஆனால் அண்ணன் அதே புத்தகத்தில் கொஞ்சம் முன்பக்கமாகப் புரட்டி நெகேமியா முதல் அதிகாரத்தையும் பார்த்திருக்கலாம். நெகேமியா யார்? சூசான் அரண்மனையில் ராஜாவுக்குத் திராட்சரசம் ஊற்றிக்கொடுத்த பெரிய உத்தியோகஸ்தன். எருசலேம் இடிந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அது இடிந்தபோது இவர் பிறக்கவே இல்லை. அவர் உட்கார்ந்து அழுது, "நானும் என் தகப்பன் வீட்டாரும் பாவஞ்செய்தோம்" என்கிறார். எனக்கென்ன, நான் அப்போது இல்லையே என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், சொல்லவில்லை. அறிக்கை பண்ணிவிட்டு அடுத்த வேலையாக மதில் கட்டக் கிளம்பினார். தண்டனை வேறு, அறிக்கை வேறு ஐயா, அண்ணன் இரண்டையும் ஒரே பொட்டலத்தில் கட்டிவிட்டார்.

இன்னொன்று. மத்தேயு முதல் அதிகாரத்தை நாமெல்லாம் பெயர்ப் பட்டியல்தானே என்று தாண்டிப் போய்விடுவோம். அதில் தாவீது சாலொமோனைப் பெற்றதைச் சொல்லும்போது, "உரியாவின் மனைவியாயிருந்தவளிடத்தில்" என்று எழுதியிருக்கிறது. இயேசுவின் வம்ச அட்டவணை அது. நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் தாத்தா யார் வீட்டுக் குடியைக் கெடுத்தார் என்று அச்சடிப்போமா? வேதம் அச்சடித்திருக்கிறது. சொந்தக் குடும்பத்தின் அசிங்கத்தை மறைக்காத புத்தகத்தை வைத்துக்கொண்டு, வரலாற்றை மறைக்கச் சொல்கிறார்கள்.

மறைத்தவர்கள் இருந்திருக்கிறார்கள், அதையும் சொல்கிறேன். 1807-இல் லண்டனில் ஒரு வேதாகமம் அச்சானது, பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளில் கரும்புத் தோட்டத்தில் கிடந்த அடிமைகளுக்கென்றே. நம் வேதாகமத்தில் 1,189 அதிகாரம், அதில் இருந்தது 232. எகிப்தில் அடிமையாய்க் கிடந்த இஸ்ரவேலரை மோசே விடுவித்த கதை இல்லை, செங்கடல் இல்லை, "என் ஜனங்களை அனுப்பிவிடு" என்பது இல்லை. அந்தக் கதையைச் சொல்கிற யாத்திராகமத்தில் பத்துக் கட்டளைப் பக்கத்தை மட்டும் விட்டுவிட்டு மீதியை வெட்டிவிட்டார்கள். "யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை, அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை" என்கிற கலாத்தியர் வசனமும் போச்சு. வேலைக்காரர் எஜமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்கிற எபேசியர் வசனம் மட்டும் பத்திரமாக இருந்தது! கத்தரி வைத்தவனுக்கு எந்தப் பக்கம் ஆபத்து என்று நன்றாகவே தெரிந்திருக்கிறது. அதன் பிரதி ஒன்றை அமெரிக்காவில் ஃபிஸ்க் பல்கலைக்கழகம் வைத்திருக்கிறது, வாஷிங்டன் வேதாகம அருங்காட்சியகத்தில் சில வருஷம் முன்பு காட்சிக்கும் வைத்தார்கள்.

சரி, பழைய கதை என்பீர்கள். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்துக்கு வருவோம். 1921, மே 31 ராத்திரியும் மறுநாளும். டல்சா நகரத்தில் கிரீன்வுட் என்கிற கறுப்பின மக்களின் பகுதி, கடையும் வீடும் ஆஸ்பத்திரியுமாகச் செழிப்பாக இருந்த இடம், வெள்ளையர் கும்பலால் கொளுத்தப்பட்டது. சுமார் 35 தெருக்கட்டம் சாம்பல். செத்தவர்கள் 300 பேர் வரை இருக்கலாம் என்கிறார்கள் வரலாற்று ஆய்வாளர்கள். மவுண்ட் சயன் பாப்டிஸ்ட் ஆலயம் பிரதிஷ்டையாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதுவும் எரிந்தது. எரிந்துபோன அந்தக் கட்டடத்துக்கு வாங்கிய கடனை அந்தச் சபை 1942 வரைக்கும் கட்டியது! வெள்ளையர் ஆலயங்களின் பிரசங்க மேடைகளில் அடுத்த ஞாயிறு என்ன பேசினார்கள் தெரியுமா? கறுப்பர்கள்தான் கலகத்துக்குக் காரணம் என்று பேசினார்கள். அப்புறம் பல பத்து வருஷம் அந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களில் இதைப் பற்றி மூச்சு இல்லை. அரசாங்க ஆணைக்குழு அறிக்கை கொடுக்க 2001 ஆனது.

அந்தப் படுகொலையின் நூறாவது ஆண்டு 2021. அதே வருஷம், அதே மாதம் 7-ஆம் தேதி, ஓக்லஹோமா ஆளுநர் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். தன் இனத்தின் காரணமாக ஒருவர் சங்கடமோ குற்றவுணர்வோ மனவேதனையோ படவேண்டும் என்று பள்ளிப் பாடத்தில் வரக் கூடாதாம். நியாயமாகப் பேச வேண்டும், அந்தச் சட்டம் டல்சாவைச் சொல்லாதே என்று எங்கும் எழுதவில்லை. ஆனால் மறு வருஷமே டல்சா பள்ளி நிர்வாகத்தின் அங்கீகாரத்தின் மேல் எச்சரிக்கை விழுந்தது, ஆசிரியர்களுக்கு வைத்த ஒரு பயிற்சியைப் பற்றிய புகாரினால். இதைப் பார்த்த மற்ற டீச்சர்கள் என்ன செய்வார்கள்? நாம் என்றால் என்ன செய்வோமோ அதைத்தான். அந்தப் பாடத்தை வேகமாகத் தாண்டிவிடுவார்கள்.

எதிரணித் தங்கை ஒரு கேள்வி கேட்டார், நல்ல கேள்வி. "பாவம், மனந்திரும்புதல் எல்லாம் சபை விஷயம். சபையில் சொல்லுங்கள், பள்ளிக்கூடத்தில் எதற்கு?" தங்கச்சி, எந்தச் சபையில்? ஞாயிறு காலை பதினோரு மணிதான் அமெரிக்காவில் மக்கள் அதிகமாகப் பிரிந்து கிடக்கிற நேரம் என்று மார்ட்டின் லூதர் கிங் சொன்னார். அடிமை வைத்திருப்பவர் மிஷனரியாகப் போகலாமா என்ற சண்டையில் 1845-இல் பிரிந்து வந்த சதர்ன் பாப்டிஸ்ட் சபை, அதற்கு மன்னிப்புக் கேட்க 1995 வரை எடுத்துக்கொண்டது. நூற்றைம்பது வருஷம்! கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கலாம் என்று 1954-இல் தீர்ப்பு வந்த பிறகு, தென் மாநிலங்களில் புதிதாக முளைத்த தனியார் பள்ளிகளில் எத்தனை கிறிஸ்தவப் பெயர்ப்பலகை! (நாமும் ரொம்ப நெளிய வேண்டாம், திருச்சியில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிச் சுவர் வைத்தவர்கள் நாம்.) இரண்டு பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காருகிற இடம் இன்றைக்கும் பள்ளிக்கூடம்தான், அதனால் அங்கேதான் சொல்ல வேண்டும்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், ஒரே ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லிவிட்டு உட்காருகிறேன்.

1960 நவம்பர் 14, நியூ ஆர்லியன்ஸ். ரூபி பிரிட்ஜஸ், கறுப்பினச் சிறுமி, ஆறு வயது. வெள்ளைப் பிள்ளைகள் மட்டுமே படித்த பள்ளிக்கு மத்திய அரசின் மார்ஷல்கள் நாலு பேர் காவலோடு போகிறாள். வாசலில் கூட்டம் கத்துகிறது. ஒரு அம்மாள் தினமும் வந்து உனக்கு விஷம் வைப்பேன் என்று மிரட்டுகிறாள், அதனால் வீட்டிலிருந்து கொண்டுவருவதை மட்டும்தான் சாப்பிட வேண்டும். வகுப்பில் வேறு யாரும் இல்லை, பாஸ்டனிலிருந்து வந்த பார்பரா ஹென்றி டீச்சரும் இவளும் மட்டும், வருஷம் முழுக்க. தனியாகச் சாப்பிடப் பிடிக்காமல் சாண்ட்விச்சை அலமாரியில் ஒளித்து வைத்தாள், அப்புறம் எலி வந்துதான் விஷயம் வெளியே தெரிந்தது. அந்தக் கூட்டத்துக்காக அவள் ஜெபம் பண்ணினாள் என்பதை எதிரணியும் ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். அதே கூட்டத்துக்குள், அதே வாரம், லாயிட் ஃபோர்மன் என்கிற வெள்ளைக்கார மெதடிஸ்ட் போதகர் தன் ஐந்து வயது மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பள்ளிக்கு நடந்து போனார். திட்டு வாங்கினார், தள்ளு வாங்கினார், போனார். இந்த இரண்டாவது கதையைச் சொன்னீர்களா? முதல் கதையில் அந்தக் கூட்டத்தை மறைத்துவிட்டால் இரண்டாவது கதையில் இவர் எதற்காக நடந்தார் என்றே புரியாதே ஐயா.

என் மகளும் அவள் சிநேகிதியும், அது பொன்னிறத் தலைமுடிக்கார வெள்ளைக்காரப் பிள்ளை, பள்ளியில் ரூபியைப் பற்றிப் படித்துவிட்டு வந்த அன்றைக்கு எங்கள் வீட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளை ரொம்ப நேரம் எதுவும் பேசாமல் இருந்துவிட்டு, "நான் அந்த கிளாஸ்ல இருந்திருந்தா அவகூட உட்கார்ந்து சாப்பிட்டிருப்பேன்" என்றது. குற்றவுணர்வில் வாடிப்போன மாதிரி எனக்குத் தெரியவில்லை. இன்னொரு தோசை கேட்டது.

நன்றி, வணக்கம்.